தண்ணி வருது

செப்டம்பர் 14, ஞாயிறு

இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சென்னையிலிருந்து மகள் கோமதி பேசினாள். நலம் விசாரிக்கும் குரல் இல்லை, தீர்ப்புச் சொல்லும் குரல்.

“அம்மா, ஐப்பசி பொறக்கதுக்குள்ள நீ இங்க வந்துரு. வீட்டைப் பூட்டி சாவிய யார்ட்டயாவது குடுத்துட்டு வா.”

போன மார்கழியில் எங்கள் ஊர்ப் பெரியகுளம் உடைத்துக்கொண்டு நாணல்குறிச்சிக்குள் வந்தபோது, நான் சாப்பாட்டு மேசைமேல் நாற்காலியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மதியம் படகில் வந்தவர்கள் என்னை ஜன்னல் வழியாக இறக்கினார்கள். அதை டிவியில் காட்டினார்கள், கோமதி பார்த்துவிட்டாள். ஆயுசு முழுக்கப் பாடம் நடத்தியதற்கு யாரும் என்னை டிவியில் காட்டவில்லை. ஜன்னலில் மாட்டிக்கொண்டதற்குக் காட்டினார்கள்.

“ஒரு ஒப்பந்தம்” என்றேன். “இந்த மழையிலயும் நான் படகுல ஏறும்படி ஆச்சுன்னா, மறுபேச்சுப் பேசாம உன்கூட வந்துடுதேன். ஏறலைன்னா நீ இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது.”

“சத்தியமா?”

“டீச்சர் சத்தியம்.”

அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். முல்லைக்கொடி இருக்கிறது, நூலகம் இருக்கிறது என்றேன். வேறு எதுவும் உடனே நினைவுக்கு வரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

சத்தியம் செய்தாகிவிட்டது. படகில் ஏறாமல் இருக்க வழி என்ன? ஊரில் ஒவ்வொருவரிடமும் போன வருடம் என்ன நடந்தது என்று கேட்கக் கிளம்பினேன்.

எங்கள் ஊர் அமைப்பைச் சொல்வது எளிது. மேற்கே பெரியகுளம். குளத்தை ஒட்டி மேலத்தெரு. அதற்குக் கிழக்கே, கொஞ்சம் பள்ளத்தில், நான் இருக்கும் கீழத்தெரு. ஒரு தட்டைச் சாய்த்துப் பிடித்தால் ரசம் ஒரு ஓரத்தில் போய்த் தேங்குமே, அந்த ஓரம் நாங்கள்.

மேலத்தெருவில் குளக்கரைக்குப் பக்கத்து வீட்டில் மிக்கேல் கண்டக்டர் இருக்கிறார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்துவிட்டார், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். தினமும் விடிந்ததும் குளக்கரையில் நடப்பவர். அவரிடம் கேட்டேன்.

“காலைலயே தெரிஞ்சுது டீச்சர். தண்ணி கரையைத் தொட்டுட்டு நின்னுது. எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும்.”

“எங்களுக்கு ஏன் சொல்லலை?”

“ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுலா நெனச்சோம்.”

ஆக, குளம் உடையப்போகிறது என்று அரை நாள் முன்பே தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது தெருவைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். வகுப்பிலும் இப்படித்தான். விடை தெரிந்த பிள்ளை கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டிருக்கும், முன் பெஞ்சு முழுக்க முழித்துக்கொண்டிருக்கும்.

கண்டக்டர் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். சீனி அதிகம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வாட்சப் குழு தொடங்கியாயிற்று. வெள்ளத்தைப் பற்றி யாருக்கு என்ன தெரிந்தாலும் அதில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

செப்டம்பர் 22, திங்கள்

குழு முழுக்க ரோஜாப்பூவும் காலை வணக்கமும்.

செப்டம்பர் 24, புதன்

யாரோ ஓர் அணை உடையும் வீடியோவைப் போட்டிருந்தார்கள். எதிர்வீட்டுச் சொர்ணம் அதைப் பார்த்துவிட்டு அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டாள். பிறகுதான் தெரிந்தது, அந்த ஆற்றில் பனிக்கட்டி மிதந்தது. சொர்ணத்துக்கு முதுகுப் பிடிப்பு. தைலம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குழுவை மூடவில்லை. ஆனால் இனி நேரில் கூடித்தான் பேச வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் கூட்டம். இரண்டு தெருக்காரர்களும் வந்தார்கள். அரசாங்கத்திலிருந்து கொடுத்த துண்டறிக்கையை நான் வாசித்தேன்: “தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.”

சொர்ணம் எழுந்தாள். “நல்ல விசயம் டீச்சர். எது பாதுகாப்பான எடம்? அதையும் சொல்லிட்டா இப்பவே போய்த் துண்டு போட்டு எடம் பிடிச்சிருவேன்லா.”

எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி சரியான கேள்வி. பாதுகாப்பான இடம் என்றால் எங்கள் ஊரில் மாடிதான். மாடி வீடுகள் கொஞ்சம். ஓட்டு வீடுகள் நிறைய. எந்த ஓட்டு வீட்டுக்காரர் எந்த மாடிக்கு ஏறுவது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டால் போதும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் யார் வீட்டு மாடிக்கு யார் ஏறலாம் என்பது எங்கள் ஊரில் மழையைவிடப் பெரிய விஷயம். சிலர் தரையைப் பார்த்தார்கள். சிலர் விட்டத்தைப் பார்த்தார்கள்.

அப்போது கண்டக்டர் எழுந்து, “நான் சர்வீஸ்ல இருக்கப்ப ஒரு சீட்டுல யாரு பக்கத்துல யாரு உக்காரதுன்னு ஒருத்தரும் எங்கிட்ட கேட்டதில்ல. மழை பெஞ்சா ஏறிக்கிடுவாவ. கூட்டம்னா நெருங்கிக்கிடுவாவ. இதும் ஒரு பஸ்ஸுன்னு நெனச்சுக்கிடுங்க. மாடி பஸ்” என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். சொர்ணத்துக்கும் எனக்கும் கிடைத்த மாடி செல்லத்துரை வீடு. எங்கள் இருவருக்கும் அதுதான் பக்கம். ஒரே ஒரு சிக்கல். முருங்கைக் கிளையை வெட்டிய தகராறில், “இனி அவன் வீட்டு வாசப்படிய மிதிச்சா நான் சொர்ணம் இல்ல” என்று சொர்ணம் பல வருடம் முன்பே சபதம் போட்டிருக்கிறாள்.

“செத்தாலும் மிதிக்க மாட்டேன்.”

செல்லத்துரையும் விறைப்பாக, “நான் ஒண்ணும் வெத்தலபாக்கு வச்சு அழைக்கல” என்றார்.

கண்டக்டர் கொஞ்சம் யோசித்தார். “வாசப்படியத்தான மிதிக்க மாட்டிய? பக்கத்துச் சுவர்ல சாய்ச்சு ஒரு ஏணி வச்சா?”

சொர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, “ஏணியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே” என்றாள்.

அக்டோபர் 9, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. முன்கூட்டித் தெரிந்தால் நடிப்பார்கள் என்று, செல்லத்துரையைத் தவிர யாருக்கும் நாள் சொல்லவில்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்க வேண்டும். துண்டறிக்கைத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற பேச்சில் இருக்கட்டும் என்று நானே வாசகம் எழுதினேன். “தண்ணி வருது! தண்ணி வருது! எல்லாரும் மேல போங்க!”

கண்டக்டர் படித்துப் பார்த்து, அருமை என்றார். கணீரென்ற குரல் அவருக்கு. முல்லைக்கொடிக்குப் பந்தல் போட்டுத் தருவதாகவும் சொன்னார். நான் கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதவே சிரிப்பாக வருகிறது. காலையில் சிரிப்பு வரவில்லை.

குளம் உடைவது மழைக்காலத்தில். ஒத்திகை நடந்ததோ பளீரென்ற வெயிலில். ஆட்டோ கிளம்பியது. “தண்ணி வருது! தண்ணி வருது! எல்லாரும் மேல போங்க!” நான் செல்லத்துரை வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, யார் யார் ஏறி வருகிறார்கள் என்று பார்க்கக் காத்திருந்தேன். ஏணியும் சாய்த்து வைத்திருந்தது. ஒருவரும் வரவில்லை.

கீழே பார்த்தால், கதவுகள் திறக்கின்றன. எல்லோர் கையிலும் குடம். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. ஓட்டமும் நடையுமாக எல்லோரும் மேற்கே போகிறார்கள்.

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். வந்ததும் முதலில் பார்த்தவர்கள் “தண்ணி வருது” என்று கத்துவார்கள். மேல என்றால் எங்கள் பக்கத்தில் மேற்கு. பந்தியில்கூட, “கொஞ்சம் மேல தள்ளி உக்காருங்க” என்றால் மேற்கே நகர வேண்டும். ஆக, நான் எழுதிய வாசகத்துக்கு ஊர் புரிந்துகொண்ட பொருள்: மேலத்தெருக் குழாயில் தண்ணீர் வருகிறது, போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள். இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

நான் இறங்கி ஓடினேன். மேலத்தெருக் குழாயடியில் வரிசை வளைந்து நிற்கிறது. சொட்டுத் தண்ணீர் இல்லை. சண்டை மட்டும் வந்துவிட்டது.

“ஏட்டி, என் கொடத்த நகத்தினது யாரு?”

“நகத்தல. நீ வச்சதே பின்னாலதான்.”

“டீச்சர், நீங்க வெறுங்கையோட வந்திருக்கிய? நல்லா வந்திய போங்க. இந்தாங்க, எங்கிட்ட ரெண்டு இருக்கு.”

உண்மையிலேயே குளம் உடைந்திருந்தால், ஊர் மொத்தமும் குடத்தோடு போய் அதை எதிர்கொண்டு அழைத்திருக்கும். அந்த நேரம் ஆட்டோவிலிருந்து கண்டக்டர் இறங்கி வந்து, வரிசையின் கடைசியில் நின்று, “முன்னால போங்க, முன்னால போங்க, உள்ள எடம் இருக்குலா” என்றார். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். பிறகு குடம் வைத்திருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு எடுத்த காலத்தில், நாளைக்கு ஆளுக்கு ஓர் இலை கொண்டு வாருங்கள் என்று ஒரு நாள் சொன்னேன். இலைகளின் வகை பற்றிய பாடம். வேப்பிலை வந்தது, பூவரசு வந்தது. ஒரு பிள்ளை தலைவாழை இலையைச் சுருட்டிக்கொண்டு வந்து, பாடம் முடியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. விருந்து என்று நினைத்துவிட்டது. அந்தப் பிள்ளைமேல் தப்பில்லை. சொன்னதை எப்படிக் கேட்பார்கள் என்று யோசிக்க வேண்டியது சொல்கிறவர் பொறுப்பு.

அக்டோபர் 14, செவ்வாய்

புதிய வாசகத்துக்காகக் குழாயடியிலேயே கூட்டம். இன்று தண்ணீர் வந்தது, அதனால் எல்லோரும் இருந்தார்கள்.

“தண்ணின்னு சொல்லாதிய. வெள்ளம்னு சொல்லுங்க” என்றார் செல்லத்துரை.

சொர்ணத்தின் மருமகள் அஜிதா மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். குடத்தை இறக்கிவைத்துவிட்டு, “எங்க ஊர்ல வெள்ளம்னா குடிக்க தண்ணியாக்கும். வெள்ளம் வருதுன்னா அப்பமும் நான் கொடத்தத்தான் எடுப்பேன்” என்றாள்.

“இவ ஒருத்திக்காக மாத்தணுமா?” என்றாள் சொர்ணம்.

“ஒருத்திக்காகத்தான் மாத்தணும்” என்றேன். மற்றவர்கள் எப்படியும் ஓடிவிடுவார்கள்.

மேல என்ற சொல்லும் போயிற்று. மாடி என்றால் மாடிதான், அதற்குத் திசை கிடையாது. கடைசியில் தீர்மானமானது: “குளம் ஏறுது, மாடி ஏறு!” அதற்கு முன்னால் விசில். ஒற்றை விசில் என்றால் பஸ் நிற்கும், இரட்டை விசில் என்றால் கிளம்பும். இது கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் தெரியும். புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்று ஆசிரியப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது இப்போதுதான் முழுதாகப் புரிகிறது.

கண்டக்டர் பழைய விசிலைத் தேடி எடுத்துப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டு வந்து காட்டினார்.

அக்டோபர் 26, ஞாயிறு

இரண்டாவது ஒத்திகை. குடம் ஒன்றுகூட வெளியே வரவில்லை. செல்லத்துரை வீட்டு மாடி நிறைந்துவிட்டது. சொர்ணம் ஏணியில் ஏறும்போது, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டது செல்லத்துரை. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் கடைசிப் படியில் நின்று வானத்தைப் பார்த்து, “ஏணி ஆடாம இருந்துது” என்றாள். அவர் முருங்கை மரத்தைப் பார்த்து, “நல்ல ஏணி” என்றார்.

நவம்பர் 12, புதன்

சென்னையில் பெருமழை. கோமதியின் தெருவில் முழங்கால் தண்ணீர். மூன்றாவது மாடியில் இருக்கிறாள், ஆபத்து இல்லை, பால்தான் இல்லை.

“எதிர் வீட்ல கேக்க வேண்டியதுதான?”

“அவங்க பேரே தெரியாதும்மா.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக எனக்கே ஒரு பாராட்டு.

நவம்பர் 30, ஞாயிறு

முல்லைப் பந்தல் முடிந்தது. ஒரு நாளில் முடிகிற வேலை, நான்கு ஞாயிறு ஆயிற்று. கண்டக்டரின் கை நிதானமாக வேலை செய்யும். நான் அவசரப்படுத்தவில்லை. மதியம் கத்திரிக்காய்க் குழம்பு.

டிசம்பர் 13, சனி

மூன்று நாளாக விடாத மழை. கோமதி காலையிலும் மாலையிலும் பேசுகிறாள். “ஒப்பந்தம் ஞாபகம் இருக்குல்ல?” இருக்கிறது. துணிமணியையும் மாத்திரைகளையும் இந்த நோட்டையும் பாலித்தீன் பைக்குள் கட்டி வைத்தேன். அரிசி, பருப்பு, ரவை எல்லாம் நேற்றே செல்லத்துரை வீட்டு மாடிக்குப் போய்விட்டன.

டிசம்பர் 15, திங்கள். செல்லத்துரை வீட்டு மாடி

நேற்று காலை காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன். பால் பொங்குவதற்குள் விசில் கேட்டது. இரட்டை விசில். மழைச் சத்தத்துக்குள் மெல்லியதாக, ஆனால் தெளிவாக. பிறகு அந்தக் குரல்: “குளம் ஏறுது, மாடி ஏறு!” மேலத்தெருவில் ஒருவர் சொல்ல, அடுத்த வீட்டில் வாங்கிச் சொல்ல, அதற்கடுத்த வீட்டில் சொல்ல, எங்கள் தெரு முனைக்கு வரும்போது அது ஊரே சொல்வதுபோல் இருந்தது. கோயில் மணியும் சேர்ந்துகொண்டது, அது யார் ஏற்பாடு என்று தெரியவில்லை.

அடுப்பை அணைத்தேன். பையை எடுத்தேன். ஏறினேன். அவ்வளவுதான். போன வருடம் மேசைமேல் உட்கார்ந்து எத்தனை சாமியைக் கூப்பிட்டேன்!

அஜிதா குழந்தையோடு வந்தாள். நடக்க முடியாத பெரியவர் ஒருவரை, முன்பே பேசி வைத்திருந்தபடியே, இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். சொர்ணம் ஏணிக்குப் போனாள். நல்ல மழை, ஏணி வழுக்கியது. முதல் படியில் கால் வைத்துவிட்டு இறங்கினாள். வாசலுக்கு வந்து நின்றாள். செல்லத்துரை உள்ளேயிருந்து வேகமாக வந்து, தன் தோள்துண்டை எடுத்து வாசற்படி மறையும்படி விரித்தார்.

“இப்ப வாங்க மைனி. நீங்க மிதிக்கது துண்டைத்தான்.”

சொர்ணம் துண்டின்மேல் கால் வைத்து உள்ளே வந்தாள். வந்ததும், “இப்படியா ஒரு மனுசன் நல்ல துண்டைச் சேத்துல போடுவான்?” என்று திட்டி, அதை எடுத்துப் பிழிந்து காயப்போட்டாள்.

எல்லோரும் ஏறி, மாடி அறைக்குள் ஒதுங்கிவிட்டார்கள். சரி பார்ப்பதற்காக நான் கைப்பிடிச் சுவரோரம் நின்றேன். சரி பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். அஜிதா குடை கொண்டுவந்து பிடித்து, “உள்ள வாங்க டீச்சர், எல்லாரும் வந்தாச்சு” என்றாள். மேற்கே விசில் நின்றுபோய் நேரமாகியிருந்தது. தெருவில் செம்மண் நிறத்தில் தண்ணீர் நுழைந்தது. முதலில் விரல் அளவு, பிறகு படி அளவு. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொன்னேன்.

இடுப்பளவுத் தண்ணீரில், சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயில் விசிலோடு கண்டக்டர் வந்து சேர்ந்தார்.

“எங்க போனிய இவ்வளவு நேரம்? விசில் ஊதினா போதாதா? ஏறத் தெரியாதா?” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன்.

“எல்லாரும் ஏறின பெறவுதான டீச்சர் கண்டக்டர் ஏறணும்?” என்று தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

மேலத்தெருவில் அவருக்குப் பேசி வைத்த மாடி வேறு. அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. இவ்வளவு தூரம் தண்ணீருக்குள் ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. சொர்ணம் மட்டும் அஜிதாவின் விலாவில் இடித்தாள்.

மதியம் தண்ணீர் ஏறுவது நின்றது. உப்புமா கிண்டினோம், போதாமல் மறுபடி கிண்டினோம். பிள்ளைகள் மாடிப்படியில் பஸ் விட்டார்கள். எதிர் மாடிக்காரர்கள் ஊறுகாய் கேட்டுக் கத்தினார்கள். கயிறு கட்டி அனுப்பினோம். அந்தக் கயிற்றில் அப்பளம் திரும்பி வந்தது.

பிற்பகலில் தீயணைப்புப் படகு வந்தது. என் வீட்டு ஜன்னலைத் தாண்டி வந்து, எங்கள் மாடிக்குக் கீழே நின்றது. ஒருவர் அண்ணாந்து, “யாரும்மா எறங்கணும்? நெருக்கடி யாருக்காவது இருக்கா?” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒப்பந்தம் ஊருக்கே தெரியும், சொர்ணத்திடம் சொல்லியிருந்தேனே.

“யாரும் எறங்கலைய்யா. எல்லாரும் சவுக்கியம்” என்றேன். “நீங்க எப்பம் சாப்ட்டிய? காபி குடிக்கியளா?”

தூக்குவாளியில் காபியை இறக்கினோம். குடித்துவிட்டு, அடுத்த ஊரைப் பார்த்துப் போனார்கள். படகு தெருமுனை திரும்பும்போது மாடி மாடியாக நின்று கைதட்டினோம்.

டிசம்பர் 20, சனி

வீடு கழுவி முடிந்தது. சுவரில் தண்ணீர்க்கோடு என் தோளுக்கு இருக்கிறது. முல்லைப் பந்தல் நிற்கிறது.

கோமதி வந்தாள். கோட்டைத் தொட்டுப் பார்த்தாள், என்னைத் தொட்டுப் பார்த்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, வாசலில் கண்டக்டரிடம், “மாமா, அம்மா நிஜமாவே படகுல ஏறலையா?” என்று விசாரித்தாள்.

“ஒங்கம்மாவா? பாவம் அந்தப் படகு. அதுக்குக் காபி குடுத்துல்லா அனுப்பிட்டாவ.”

சாயங்காலம் சொர்ணம் வீட்டிலும் செல்லத்துரை வீட்டிலும் நெடுநேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். சென்னைக்கு வா என்ற பேச்சை எடுக்கவில்லை. என் மகள் சொன்ன சொல் மாறாதவள்.

டிசம்பர் 28, ஞாயிறு

கோமதி பேசினாள். அவளுடைய அடுக்ககத்தில் எல்லோரிடமும் நாணல்குறிச்சிக் கதையைச் சொன்னாளாம். எதிர் வீட்டுக்காரர் பெயர் இளம்பரிதியாம், நல்ல மனிதராம்.

“பொங்கல் கழிச்சு ஒரு பத்து நாள் நீ இங்க வரணும்மா. இருக்கச் சொல்லலை. எங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுத் திரும்பிப் போயிரலாம். இங்க நூத்தி இருவது வீடு. ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. எங்க ஆரம்பிக்கதுன்னே தெரியல.”

“என்ன வார்த்தை சொன்னா அங்க என்னன்னு கேப்பாங்கன்னு முதல்ல பார்க்கணும்” என்றேன். மனம் அதற்குள் பாடம் தயாரிக்கத் தொடங்கிவிட்டது.

“அப்ப வர்றியா? டிக்கெட் போட்டுரட்டுமா?”

“ரெண்டு போடு” என்றேன்.

“ரெண்டா?” என்றாள். இது தனியாக நடத்துகிற பாடம் இல்லை, ஒத்திகைக்கு அனுபவமுள்ள ஆள் ஒருவர் கூட வேண்டும் என்று விளக்கினேன். கோமதி சிரிக்க ஆரம்பித்தாள். எதற்கு அவ்வளவு நேரம் சிரித்தாள் என்று விளங்கவில்லை. மிக்கேலிடம் கேட்டேன். அவருக்கும் விளங்கவில்லையாம், ஆனால் அவரும் சிரித்தார்.